நாளைய படப்பயணம்: நேரமும் இடமும் மாறியிருக்கின்றன

நண்பர்களே, வணக்கம். நாளை மாமல்லபுரத்தில் கடற்கரைக் கோயிலுக்குப் பின்னால் சூரியன் எழுவதை எடுப்பதாக இருந்தோம். மாலையிலிருந்தே கடல் பக்கம் மேகம் கனத்துக் கிடக்கிறது, நாளை பகல் வரை இப்படித்தான் என்கிறது முன்னறிவிப்பு. அதனால் உதயத்தை விட்டுவிடுவோம். பயணம் ரத்து இல்லை. திருவான்மியூர் பேருந்து நிலையத்தில் 4.30க்குப் பதில் 6.30க்குக் கூடி, நேராக மாமல்லபுரத்துக் கிருஷ்ண மண்டபம் போகிறோம், பாறைச் சிற்பங்களை உள்ளே கொண்ட தூண் மண்டபம் அது.

எனக்கென்னவோ இது நல்லதாகவே படுகிறது. வெயில் நாளில் அங்கே தூண் நிழல் விழுந்து பாதிச் சிற்பம் கருத்துப் போகும், மீதி வெளுத்துப் போகும். மேகமூட்டத்தில் வெளிச்சம் உள்ளே மெத்தென்று பரவும். பால் கறக்கும்போது பசு தன் கன்றை நக்கிக்கொடுக்கும் இடத்தில் கொஞ்ச நேரம் நில்லுங்கள். கல் என்பதே மறந்துவிடும். அப்புறம் பக்கத்திலேயே அர்ச்சுனன் தபசு, பெரிய பாறையில் செதுக்கிய சிற்பத் தொகுதி. முன்கால்களைத் தலைக்கு மேல் தூக்கித் தவம் செய்யும் பூனையையும், அதன் காலடியில் எலிகளையும் நெருங்கி எடுக்க ஜூம் லென்ஸ் வேண்டும்.

வானத்தைச் சட்டகத்தில் சேர்க்காதீர்கள், வெறும் வெள்ளையாக வரும். ஐஎஸ்ஓவை, அதாவது கேமராவின் ஒளியுணர்வு அளவை, 400, 800 வரை தயங்காமல் ஏற்றலாம். முக்காலி வேண்டாம், அனுமதி தனியாக வாங்க வேண்டியிருக்கும். கேமராவை மூட ஒரு பிளாஸ்டிக் பை கட்டாயம்.

வருபவர்கள் இன்றிரவு 9 மணிக்குள் சொல்லுங்கள், வேன் பேச வேண்டும்.