முகப்போவியமும் நகரக் காட்சியும்

ஆசிரியர் அவர்களுக்கு வணக்கம்.

பரோக் கால (17-ஆம் நூற்றாண்டை ஒட்டிய) ஐரோப்பிய நூல்களின் செப்புத்தகட்டுப் படங்களைப் பற்றிச் சென்ற இதழில் வெளியான கட்டுரை, முகப்போவியங்களை (நூலின் தொடக்கப் பக்கத்துப் படங்களை) வாங்குவோரைக் கவர்வதற்கான வெறும் அலங்காரம் என்றும், நகரக் காட்சிகளைப் புகைப்படத்துக்கு நிகரான சான்று என்றும் பிரித்துக் கூறியிருந்தது. இவ்விரண்டு கூற்றுகளிலும் எனக்கு உடன்பாடில்லை.

இயேசு சபையைச் சேர்ந்த அகுவிலோனியஸ் எழுதி, இன்றைய பெல்ஜியத்திலுள்ள ஆன்ட்வெர்ப்பின் பிளான்டின் அச்சகம் 1613-இல் வெளியிட்ட ஒளியியல் நூலுக்கு ஓவியர் ரூபன்ஸ் வரைந்த முகப்பையே எடுத்துக்கொள்ளலாம். நடுவில் வீற்றிருக்கும் பெண்ணின் செங்கோலில் ஒரு கண். அவளருகே கூர்ந்த பார்வைக்குப் பேர்போன கழுகும் தோகையெல்லாம் கண்களான மயிலும். ஒருபுறம் நூறு கண்ணுடைய ஆர்கஸ் என்னும் புராண அரக்கனின் தலையோடு ரோமானியத் தேவர்களின் தூதன் மெர்க்குரி, மறுபுறம் கண்டோரைக் கல்லாக்கும் மெடூசாவின் முகம் பதித்த கேடயத்தோடு அறிவுத் தெய்வம் மினர்வா. பார்வையைப் பற்றிய நூலுக்குப் பார்வையாலேயே ஒரு முன்னுரை எழுதியிருக்கிறார் ரூபன்ஸ். இத்தகைய முகப்புகளை யோசித்து வரைவதற்கு அவருக்கு ஆறு மாதம் முன்னதாகவே சொல்லிவைப்பதாகவும், அவற்றை அவர் விடுமுறை நாள்களில்தான் வரைவார் என்றும், வேலை நாளில் கேட்டால் ஒரு படத்துக்கு 100 கில்டர் (அக்கால நாணயம்) ஆகும் என்றும் அச்சக உரிமையாளர் பல்தசார் மொரேட்டஸ் ஒரு கடிதத்தில் எழுதியிருக்கிறார். பெரிய அளவு நூலின் முகப்புக்கு ரூபன்ஸ் பெற்றுவந்ததோ 20 கில்டர்தான்.

நகரக் காட்சிக்கு வருகிறேன். ஓவியர் வென்செஸ்லாஸ் ஹாலர் ஆறு தகடுகளில் செதுக்கி 1647-இல் வெளிவந்த இலண்டனின் நீள்காட்சியில், ஷேக்ஸ்பியரின் நாடகங்கள் நடந்த குளோப் அரங்கத்தின் பெயர் கரடிச் சண்டை அரங்கின்மீதும், அதன் பெயர் குளோப்பின்மீதும் மாறிப் பொறிக்கப்பட்டுள்ளன. இலண்டனின் சதர்க் பகுதியிலுள்ள தேவாலயக் கோபுரத்திலிருந்து அவர் நேரில் கண்டு வரைந்த கோட்டோவியத்தில் கட்டடங்கள் அதனதன் இடத்தில்தான் இருக்கின்றன. பின்னர் ஆன்ட்வெர்ப்பில் இருந்துகொண்டு தகட்டில் பெயர்களைப் பொறித்தபோதுதான் பிழை நேர்ந்திருக்க வேண்டும். (ஈய எழுத்துகளை இடவலம் மாற்றிக் கோத்துப் பழகிய எனக்கு இதில் வியப்பில்லை.) 1997-இல் திறக்கப்பட்ட புதிய குளோப்பை வடிவமைத்தவர்களுக்கும் துணைநின்றது அந்தக் கோட்டோவியம்தான்.

அக்கட்டுரையோடு தாங்கள் வெளியிட்ட ஹாலரின் நீள்காட்சிப் படத்திலோ பெயர்கள் இருந்த பகுதியே வெட்டப்பட்டிருந்தது. அடுத்த இதழில் அதை முழுமையாக, எழுத்துகள் படிக்கக்கூடிய அளவில் வெளியிடுமாறு வேண்டுகிறேன்.

இப்படிக்கு,
ஓய்வுபெற்ற அச்சுக்கோப்பாளர் ஒருவர்