ஓ.எம்.ஆருக்கு வாருங்கள்: மேலாண்மை ஆய்வாளர்களுக்கு ஒரு திறந்த மடல்

தமிழ்நாட்டுப் பல்கலைக்கழகங்களில் மேலாண்மை கற்பிக்கும் பேராசிரியர்களுக்கும் அவர்களிடம் முனைவர் பட்டத்துக்கு ஆய்வு செய்யும் மாணவர்களுக்கும்,

வணக்கம். சென்னையில், மென்பொருள் நிறுவனங்கள் நிறைந்த பழைய மகாபலிபுரம் சாலையில் (ஓ.எம்.ஆர்.), வெளிநாட்டு நிறுவனங்களுக்கான மென்பொருள் பணியில் நீண்ட காலமாக இருக்கிறேன். உலகளாவிய தகவல் தொழில்நுட்ப மேலாண்மை என்று நீங்கள் வகுப்பில் நடத்துவதுதான் எங்கள் அன்றாட வேலை. உங்கள் மாணவர்கள் கேள்வித்தாளோடு வருகிறார்கள், நாங்களும் ஐந்து கட்டங்களில் ஒன்றை டிக் செய்து தருகிறோம். அப்படி உருவான ஆய்வேடுகளைத் தேடிப் படிக்கும் பழக்கம் எனக்கு உண்டு. படிக்கப் படிக்க ஆதங்கம்தான் மிஞ்சுகிறது. வேறு ஊரில், வேறு காலத்தில் பிறந்த கோட்பாட்டை எடுத்து எங்கள் மேல் வைத்து, பொருந்துகிறதா என்று மட்டும் பார்க்கிறீர்கள். எங்களிடமிருந்து ஒரு கோட்பாடு பிறக்கக்கூடும் என்று ஏன் நினைப்பதில்லை?

பண்பாடு என்ற அத்தியாயம் வந்தாலே நெதர்லாந்து ஆய்வாளர் கீர்ட் ஹாஃப்ஸ்டெட் வந்துவிடுகிறார். 1967 முதல் 1973 வரை ஐ.பி.எம். ஊழியர்களிடம் எடுத்த கருத்துக்கணிப்பை வைத்து அவர் நாடுகளுக்கு மதிப்பெண் போட்டார். மேலே இருப்பவரின் அதிகாரத்தைக் கீழே இருப்பவர் எவ்வளவு இயல்பாக ஏற்கிறார் என்பதைக் காட்டும் ‘அதிகார இடைவெளி’யில் இந்தியாவுக்கு 77, அமெரிக்காவுக்கு 40. ஒரே நிறுவனத்தின் ஊழியர்களை வைத்து ஒரு நாட்டையே அளக்க முடியுமா என்று பிரெண்டன் மெக்ஸ்வீனி என்ற ஆய்வாளர் 2002-லேயே கேட்டுவிட்டார். ஆனாலும் நம் ஆய்வேடுகளில் அந்த 77 அப்படியே வருகிறது. இந்தியப் பொறியாளர் வாடிக்கையாளரிடம் ‘முடியாது’ என்று சொல்லத் தயங்குவதற்கு அதுவே காரணம் என்று முடித்தும் விடுகிறார்கள்.

நான் பார்த்தது வேறு. கிளையண்டோடு பேசும் தொலைபேசி அழைப்பில் வாயே திறக்காத பெண், அழைப்பு முடிந்த மறுநிமிடம் தன் மேலாளரிடம், “இந்தத் தேதிக்கு நடக்காது சார், நீங்க எதுக்கு ஒத்துக்கிட்டீங்க?” என்று நேருக்கு நேர் கேட்கிறார். அதிகாரத்துக்குப் பணிவதுதான் அவர் பண்பாடு என்றால் அந்த மேலாளரிடம் மட்டும் எப்படிப் பேச முடிகிறது? ஆண்டு மதிப்பீட்டில் கிளையண்டின் ஒரு மின்னஞ்சலுக்கு என்ன எடை, வெளிநாட்டில் கிளையண்டின் இடத்துக்கே போய் வேலை பார்க்கும் ஆன்சைட் வாய்ப்பு யார் கையில் இருக்கிறது, ஒப்பந்தம் எந்த மாதம் புதுப்பிக்கப்படுகிறது என்று விசாரித்துப் பாருங்கள். அந்த மௌனத்துக்கான காரணம் அங்கே கிடைக்கும். ஐந்து கட்டக் கேள்வித்தாளில் இதற்கு இடமே இல்லை.

அடுத்தது ஒப்பந்தம். 1989-ல் புகைப்படச் சுருள் நிறுவனமான ஈஸ்ட்மன் கோடாக் தன் தரவு மையங்களை நடத்தும் பொறுப்பை ஐ.பி.எம்.மிடம் கொடுத்தது. அதைப் பார்த்து மற்ற நிறுவனங்களும் துணிந்ததை லோ, வெங்கட்ராமன் என்ற ஆய்வாளர்கள் இருவரும் 1992-ல் ‘கோடாக் விளைவு’ என்று எழுதினார்கள். எதைத் தானே செய்வது, எதை வெளியே கொடுப்பது என்ற கேள்விக்கு, 2009-ல் நோபல் பரிசு பெற்ற ஆலிவர் வில்லியம்சனின், வெளியாரோடு ஒப்பந்தம் போட்டுக் கண்காணிக்க ஆகும் செலவைப் பார்க்கும் பரிவர்த்தனைச் செலவுக் கோட்பாட்டைத்தான் எல்லோரும் எடுக்கிறார்கள். வேலை ஒரு வாடிக்கையாளருக்கே உரியதாக இறுகிப்போனால் ஒரு தரப்பு மற்றதன் பிடியில் சிக்கிக்கொள்ளும் என்பது அதன் எச்சரிக்கை. அது உண்மைதான். ஆனால் இங்கே யார் பிடியில் யார் சிக்குகிறார்கள்? கோபால் (COBOL) என்ற பழைய கணினி மொழி நிரல்களில் ஓடும் ஒரு காப்பீட்டு அமைப்பை எடுத்துக்கொள்ளுங்கள். அதை எழுதியவர்கள் அமெரிக்காவில் ஓய்வு பெற்றுப் போய்விட்டார்கள். அதன் உள்ளும் புறமும் தெரிந்தவர் பெருங்குடியில் இருக்கும் ஒருவர்தான். அவர் ராஜினாமாக் கடிதம் கொடுத்தால் கிளையண்டும் தவிக்கிறார், எங்கள் நிறுவனமும் தவிக்கிறது. நோட்டீஸ் காலத்துக்குள் கே.டி. (KT), அதாவது தெரிந்ததை அடுத்தவருக்குக் கற்றுக்கொடுத்து ஒப்படைப்பது, முடிய வேண்டும் என்று அட்டவணை போடுவோம். ஆவணம் கைமாறிவிடும். ஆனால் நள்ளிரவில் தானாக வரிசையாக ஓடும் பேட்ச் (batch) வேலை நின்றுபோனால் முதலில் எந்தக் கோப்பைத் திறந்து பார்ப்பது என்ற அறிவு அப்படிக் கைமாறுவதில்லை. ஒப்பந்தம் இரண்டு நிறுவனங்களுக்கு இடையே இருக்கிறது, அறிவோ ஒரு தனி மனிதரிடம் இருக்கிறது. ஆய்வேட்டில் இது ‘பணியாளர் வெளியேற்ற விகிதம்’ என்று ஒற்றை எண்ணாகச் சுருங்கிப்போவது எனக்குப் பொறுக்கவில்லை.

இப்போது காட்சியும் மாறிவிட்டது. வெளிநாட்டு நிறுவனங்கள் வெளியே கொடுத்த வேலையைத் திரும்ப எடுத்து, சென்னையிலேயே சொந்த மையம் வைத்து நடத்துகின்றன. வேலை வீட்டுக்குள் வந்துவிட்டது, ஆனால் அந்த வீடே கடல் கடந்து இருக்கிறது. வில்லியம்சனின் கேள்வியை இதற்கேற்ப மறுபடி எழுத உங்களைவிடப் பொருத்தமானவர்கள் யார்?

நேர வித்தியாசத்தைப் பற்றியும் சொல்ல வேண்டும். சூரியனைத் தொடர்ந்து வேலையும் உலகைச் சுற்றி வரும், இருபத்து நான்கு மணி நேரமும் நடக்கும் என்று புத்தகங்கள் சொல்கின்றன. நடைமுறையில் வேலை நகர்வதில்லை, நாங்கள்தான் நகர்கிறோம். நியூயார்க்குக்கும் நமக்கும் கோடையில் ஒன்பதரை மணி நேரம், குளிர்காலத்தில் பத்தரை மணி நேரம் வித்தியாசம். மார்ச்சிலும் நவம்பரிலும் அங்கே கடிகாரத்தைத் திருப்பினால் இங்கே எங்களை ஏற்றிப்போக கேப் வரும் நேரமும், பிள்ளைகளோடு சாப்பிடும் நேரமும் மாறுகின்றன. ஒருங்கிணைப்புச் செலவு என்று நீங்கள் எழுதுவதில் இந்தக் கணக்கும் சேர வேண்டாமா?

உங்களிடம் கேட்பது இதுதான். கேள்வித்தாளைக் கொஞ்ச காலம் தள்ளி வையுங்கள். ஒரே ஒரு ப்ராஜெக்டை, கே.டி. தொடங்கும் நாளிலிருந்து ஓராண்டு, ஷிப்டில் கூடவே உட்கார்ந்து கவனியுங்கள். வழிகாட்டிகளே, அப்படி எழுதும் மாணவரிடம் ‘மாதிரியின் அளவு போதாது’ என்று சொல்லித் திருப்பி அனுப்பாதீர்கள். கிளையண்டின் ரகசியம் காக்கும் ஒப்பந்தம் இருப்பதால் நிறுவனங்கள் தயங்கும் என்பது தெரியும். அதனால் முடிந்துபோன ப்ராஜெக்டுகளிலிருந்து, பெயர்களை மறைத்துத் தொடங்கலாம்.

முதலில் 2015 டிசம்பரை எடுத்துக்கொள்ளுங்கள். நகரம் வெள்ளத்தில் நின்றபோது ஊழியர்களைப் பேருந்தில் பெங்களூருக்கும் ஹைதராபாத்துக்கும் அனுப்பி, கிளையண்டுகளின் வேலை நின்றுவிடாமல் பார்த்துக்கொண்டவர்கள் இன்னும் இந்தத் துறையில் இருக்கிறார்கள். யாரை முதலில் அனுப்புவது, எந்த வேலையைக் கைவிடுவது, கிளையண்டிடம் எதை எப்போது சொல்வது என்று அவர்கள் எடுத்த முடிவுகள் எந்தக் கையேட்டிலும் இருந்தவை அல்ல. அவர்கள் ஒவ்வொருவராக ஓய்வு பெறத் தொடங்கிவிட்டார்கள். வரும் கல்வியாண்டிலேயே இரண்டு மாணவர்களை இதற்கென்று ஒதுக்குங்கள். பேச வேண்டியவர்களிடம் சொல்லி நேரம் வாங்கித் தரும் வேலையை என்னைப் போன்றவர்கள் பார்த்துக்கொள்கிறோம்.

அன்புடன்,
ஒரு மென்பொருள் பணியாளர்