தச்சர் வீட்டு மூத்த பிள்ளை

அன்பு மகளுக்கு,

போன ஞாயிற்றுக்கிழமை போனில், "என்னைவிடப் பத்து வயசு சின்னப் பிள்ளைகளோடு வகுப்பில் உட்கார்ந்திருக்கேன்ப்பா" என்றாய். சிரித்துக்கொண்டுதான் சொன்னாய். எனக்குத்தான் அன்று தூக்கம் வரவில்லை.

நீ இருக்கும் அதே நெதர்லாந்து லைடன் ஊரில் 1837-இல் பிறந்தவர் வான் டெர் வால்ஸ் என்ற இயற்பியலாளர். ஒரு தச்சரின் பத்துப் பிள்ளைகளில் மூத்தவர். மேலே படிக்க வழியில்லாமல் பள்ளி ஆசிரியர் ஆனார். லத்தீனும் கிரேக்கமும் தெரியாதவர் பல்கலைக்கழகத் தேர்வு எழுத முடியாது என்ற விதி வேறு. இருந்தும் 1862 முதல் லைடன் பல்கலைக்கழக வகுப்புகளுக்குப் போனார், பட்டம் கிடைக்காது என்று தெரிந்தே. அறிவியல் மாணவர்களுக்கு அந்த விதி தளர்ந்த பிறகு, 1873-இல் ஆய்வேட்டை முடித்தார். அப்போது வயது 35.

சின்ன வயதில் கேஸ் சிலிண்டரை ஆட்டிப் பார்த்து, "உள்ளே தண்ணி சத்தம் கேக்குதே" என்பாய், ஞாபகம் இருக்கிறதா? நான் ஏதோ சொல்லி மழுப்பினேன். அந்த ஆய்வேட்டில்தான் பதில் இருக்கிறது. வாயுவின் மூலக்கூறுகளும் இடத்தை அடைத்துக்கொள்ளும். ஒன்றையொன்று இழுக்கவும் செய்யும். இந்த இரண்டையும் கணக்கில் சேர்த்தால், வாயுவும் திரவமும் ஒன்றின் தொடர்ச்சியாக இன்னொன்று என்று ஆகிவிடுகிறது. அழுத்தி அடைத்த கேஸ் சிலிண்டருக்குள் திரவமாகித் தண்ணி மாதிரி சத்தம் போடுவது அதனால்தான். டச்சில் எழுதிய அந்த ஆய்வேட்டைப் படிப்பதற்காகவே அந்த மொழியைக் கற்க ஆரம்பித்தவர்கள் உண்டு என்று இயற்பியல் மேதை மேக்ஸ்வெல்லே எழுதினார். நீயோ டச்சு வகுப்பைப் பாதியில் விட்டுவிட்டாய்!

1881-இல் மனைவி காசநோயில் இறந்தார். நான்கு பிள்ளைகள். பத்து வருஷம் போல அவர் எதுவுமே வெளியிடவில்லை. அப்புறம் மறுபடி எழுதினார். 1910-இல், 73 வயதில், நோபல் பரிசு.

ஆனால் எனக்கு அந்தத் தச்சரைப் பற்றித்தான் யோசனை. மூத்தவனை மேலே படிக்க வைக்கவில்லையே என்று அவருக்கு உறுத்தியிருக்குமோ? பி.எஸ்ஸி. முடித்ததும் உன்னை வேலைக்குப் போகச் சொன்னவன் நான். தம்பி படிப்பு, வீட்டுக் கடன் என்று காரணங்கள் இருந்தன. எட்டு வருஷம் சம்பளத்தைக் கொண்டுவந்து கொடுத்தாய். ஒரு நாளும் சொல்லிக்காட்டியதில்லை. நீ தாமதிக்கவில்லை பாப்பா, நான்தான் தாமதப்படுத்தினேன்.

சரி, கடன் போன மாசத்தோடு முடிந்துவிட்டது. உதவித்தொகையில் மிச்சம் பிடித்து இனிமேல் பணம் அனுப்பாதே. முதலில் சைக்கிளுக்கு ஒரு நல்ல விளக்கு வாங்கிப் போடு. அம்மா பருப்புப்பொடி பார்சல் கட்டிக்கொண்டிருக்கிறாள்.

அன்புடன்,
அப்பா