மெக்கானலை விட்டுவிடாதீர்கள்: பேசர்ஸ் நிர்வாகத்துக்கு ஒரு திறந்த மடல்

மதிப்பிற்குரிய கெவின் பிரிட்சர்ட், சாட் புக்கனன் மற்றும் இந்தியானா பேசர்ஸ் நிர்வாகத்தினருக்கு,

வணக்கம். 2025-26 பருவம் தொடங்கவிருக்கும் இந்த 2025 அக்டோபரில் உங்களிடம் ஒரு கோரிக்கை வைக்கிறேன். உங்கள் கூடைப்பந்து அணியின் மாற்று ஆட்டக்காரர் டி.ஜே. மெக்கானலை வேறு அணிக்கு டிரேட் (பரிமாற்றம்) செய்யாதீர்கள். டிரேட்களுக்கான பிப்ரவரி காலக்கெடு நெருங்கும்போது உங்களுக்குத் தொலைபேசி அழைப்புகள் வரும். பிளேஆஃபுக்குத் தயாராகும் அணிகள் எல்லாமே அனுபவமுள்ள மாற்று பாயின்ட் கார்டை, அதாவது பந்தைக் கொண்டுபோய் ஆட்டத்தை நடத்துபவரை, தேடும். முதன்மை பாயின்ட் கார்டு டைரீஸ் ஹாலிபர்ட்டனே காயத்தால் ஆட முடியாத பருவத்தில் 33 வயதுக்காரர் ஒருவரை வைத்துக்கொண்டு என்ன செய்யப் போகிறோம் என்று உங்கள் அறையிலேயே யாராவது கேட்பார்கள். கேட்க வேண்டிய கேள்விதான் அது. அதற்கு என்னிடம் இருக்கும் பதிலை எழுதுகிறேன்.

இந்தியாவில் இருப்பவர்களுக்கு இதில் என்ன அக்கறை என்று நினைக்க வேண்டாம். 2019 அக்டோபர் 4, 5 தேதிகளில் அமெரிக்கக் கூடைப்பந்து லீக்கான என்பிஏ முதன்முதலாக இந்தியாவில் ஆட்டம் நடத்தியபோது மும்பைக்கு வந்தவை சாக்ரமென்டோ கிங்ஸும் நீங்களும்தான். முதல் ஆட்டம் கூடுதல் நேரம்வரை போய் 132-131 என்று நீங்கள் வென்றீர்கள். எங்கள் ஊர்ப் பக்கம் சிலர் பேசர்ஸ் ரசிகர்களானது அந்த இரவிலிருந்துதான். மெக்கானல் உங்கள் அணியில் சேர்ந்ததும் அதே ஆண்டு கோடையில்தான். மைல்ஸ் டர்னர் மில்வாக்கிக்குப் போய்விட்ட பிறகு, அன்றைய அணியில் இன்னும் உங்களோடு இருப்பவர் அவர் ஒருவரே.

ஆனால் பழகிய முகம் என்பதற்காக நான் இதைக் கேட்கவில்லை. கடந்த ஜூனில் ஓக்லஹோமா சிட்டியோடு நடந்த என்பிஏ இறுதித் தொடரை நினைத்துப் பாருங்கள். மூன்றாம் ஆட்டத்தில் 15 நிமிடம் ஆடி 10 புள்ளி, 5 அசிஸ்ட் (கூடை விழ உதவிய பாஸ்), 5 ஸ்டீல் (எதிரணியிடமிருந்து பறித்த பந்து). ஸ்டீல் கணக்கு வைக்கத் தொடங்கிய 1973-74 முதல், பெஞ்சிலிருந்து மாற்று ஆட்டக்காரராக வந்த எவரும் இறுதித் தொடரில் அப்படி ஆடியதில்லை. எதிரணி கூடைக்குக் கீழிருந்து பந்தை உள்ளே எறியும்போது, எல்லோரும் திரும்பி ஓடத் தொடங்கிய நேரத்தில், அவர் மட்டும் பின்னால் பதுங்கி நின்று அதைப் பறித்தார். அந்த ஆட்டத்தை 116-107 என்று வென்று தொடரில் 2-1 என முன்னிலை பெற்றீர்கள். ஐந்தாம் ஆட்டத்தில் கெண்டைக்கால் வலியோடு ஹாலிபர்ட்டன் திணறியபோது மெக்கானல் எடுத்தது 18 புள்ளி. அதில் 13 மூன்றாம் கால்பகுதியில். ஏழாம் ஆட்டத்தின் முதல் கால்பகுதியிலேயே ஹாலிபர்ட்டனின் குதிகால் தசைநார் அறுந்தது. எங்களுக்கு அப்போது விடியற்காலை. மூன்றாம் கால்பகுதியில் மட்டும் மெக்கானல் 12 புள்ளி அடித்து, அறுந்துபோன நம்பிக்கையைக் கொஞ்ச நேரம் பிடித்து நிறுத்தினார். 103-91 என்று தோற்றோம். ஆனாலும் அந்தக் கால்பகுதியைப் பார்த்தவர் யாரும் அவரை வெறும் மாற்று ஆட்டக்காரர் என்று சொல்ல மாட்டார்.

அவர் ஆறடி ஓரங்குலம். மூன்று புள்ளி வீச்சு அவர் ஆயுதமில்லை. 2015 டிராஃப்டில் (புதிய ஆட்டக்காரர்களை அணிகள் முறைவைத்து எடுக்கும் ஆண்டுத் தேர்வில்) எந்த அணியும் அவரைத் தேர்ந்தெடுக்கவில்லை. இந்தக் குறைகளை வைத்துப் பார்த்தால் வேறு அணிகள் அவருக்குப் பெரிய விலை தராது என்பது புரியும். உங்கள் அணியிலோ நிலைமை வேறு. பயிற்சியாளர் ரிக் கார்லைலின் ஆட்டமுறையின் உயிர்நாடி வேகம். முதல் ஐவர் ஓய்வெடுக்கும் நேரத்திலும் அந்த வேகம் குறையக் கூடாது. மெக்கானல் வந்ததும் முழு மைதான நீளத்துக்கும் எதிரணி கார்டை விரட்டுகிறார். பந்தோடு கூடைக்கு அடியில் புகுந்து, தட்டுவதை நிறுத்தாமலேயே மறுபக்கம் வெளியே வருகிறார். அதற்குள் தடுப்பவர்கள் இடம் மாறிக் குழம்பிவிடுகிறார்கள். பிறகு பத்துப் பன்னிரண்டு அடி தூரத்திலிருந்து அந்தச் சின்ன வீச்சு. ஆட்டத்துக்கு 18 நிமிடம்போல ஆடி, பத்துக்குச் சற்று முன்பின்னாகப் புள்ளியும் நான்கைந்து அசிஸ்டும் தருகிறார். 2021 மார்ச் 3 அன்று கிளீவ்லாந்துக்கு எதிராக 16 புள்ளி, 13 அசிஸ்டோடு 10 ஸ்டீல் எடுத்தாரே, அதில் 9 முதல் பாதியிலேயே வந்தவை. ஒரு பாதியில் அத்தனை ஸ்டீல் எடுத்தவர் என்பிஏ வரலாற்றில் வேறு எவருமில்லை.

ஆகவே அவருடைய மதிப்பு சந்தையில் குறைவு, உங்கள் வீட்டுக்குள் அதிகம். இப்படிப்பட்டவரை விற்றால் விற்பவருக்குத்தான் நட்டம். கிடைக்கப் போவது டிராஃப்டின் இரண்டாம் சுற்றில் தேர்ந்தெடுக்கும் உரிமைகள் ஓரிரண்டு, அதோடு சம்பளக் கணக்குச் சரிக்கட்ட யாரோ ஒருவரின் முடியப்போகும் ஒப்பந்தம். நீங்கள் 2024-இல் அவரோடு போட்ட நீட்டிப்பு நான்கு ஆண்டுக்கு ஏறத்தாழ 4.5 கோடி டாலர். ஆண்டுக்கு 1.1 கோடி சொச்சம், அதாவது இந்தப் பருவத்துச் சம்பள உச்சவரம்பில் 7 சதவீதம் அளவு. இறுதித் தொடரின் ஒரு கால்பகுதியைத் தனியாளாகத் தாங்கக்கூடியவருக்கு இது அதிகமில்லை.

மாற்று கார்டை விற்றதால் ஓர் அணிக்கு யோகம் அடித்த கதை உங்களுக்கே நன்றாகத் தெரியும், ஏனென்றால் எதிர்ப்பக்கம் இருந்தது நீங்கள்தான். 2011 டிராஃப்ட் இரவில் சான் அன்டோனியோ, டோனி பார்க்கருக்கு மாற்றாக ஆடிவந்த ஜார்ஜ் ஹில்லை உங்களுக்குக் கொடுத்தது. பதிலுக்கு நீங்கள் 15-ஆவதாகத் தேர்ந்தெடுத்திருந்த காவாய் லெனர்டை வாங்கிக்கொண்டது. ஹில் சொந்த ஊரான இண்டியானாபொலிசுக்கே வந்து, 2013, 2014 இரு ஆண்டுகளும் நீங்கள் கிழக்குப் பிரிவு இறுதிவரை போனதில் தன் பங்கைச் சரியாகச் செய்தார். லெனர்டோ 2014 இறுதித் தொடரின் சிறந்த ஆட்டக்காரரானார். அந்த மாதிரி ஒரு பேரம் மெக்கானலுக்கு வந்தால் நானும் வாயை மூடிக்கொள்கிறேன். 33 வயது கார்டுக்கு அது வராது என்பது நம் இருவருக்கும் தெரியும்.

மறுபக்கக் கதையும் இருக்கிறது. 2020-இல் கோப்பை வென்ற லாஸ் ஏஞ்சலஸ் லேக்கர்ஸ், அடுத்த ஆண்டே அலெக்ஸ் கரூசோவை சிகாகோவுக்குப் போகவிட்டது. அவர் பிறகு ஓக்லஹோமா சிட்டி போய்ச் சேர்ந்தார். கடந்த ஜூனில் 2-1 என்று முன்னிலையில் இருந்த நம்மை நான்காம் ஆட்டத்தில் 20 புள்ளியும் 5 ஸ்டீலும் எடுத்து வீழ்த்தியதில் அவருக்குப் பெரும் பங்கு உண்டு. அவரும் டிராஃப்டில் யாரும் எடுக்காதவர், அவரும் பெஞ்சிலிருந்து வருபவர்தான்.

இந்தப் பருவத்தில் தோற்றால்தான் நல்லது என்ற பேச்சும் காதில் விழுகிறது. 2026 முதல் சுற்றுத் தேர்வை ஜூனில் நியூ ஆர்லியன்ஸிடமிருந்து திரும்ப வாங்கிவிட்டீர்கள். அடிமட்டத்தில் முடித்தால் டிராஃப்டில் முந்தித் தேர்ந்தெடுக்கும் இடம் கிடைக்கலாம். எனக்கு அந்த எண்ணமே பிடிக்கவில்லை, இருந்தாலும் கணக்கு புரிகிறது. அதற்குக்கூட மெக்கானலை விற்க வேண்டிய அவசியமில்லை. ஹாலிபர்ட்டனும் டர்னரும் இல்லாத அணி தோற்பதற்குத் தனி ஏற்பாடு எதுவும் வேண்டாம்.

அடுத்தது சென்டர் (கூடைக்கு அருகே ஆடும் உயரமானவர்) பிரச்சினை. டர்னர் விட்டுப்போன இடம் பெரிய ஓட்டை, மறுக்கவில்லை. ஆனால் மெக்கானலின் சம்பளத்துக்கு ஈடாக வருபவர் உங்களிடம் ஏற்கனவே இருக்கும் ஜே ஹஃப், ஐசேயா ஜாக்சன் வரிசையில் இன்னொருவராகத்தான் இருப்பார். உண்மையான சென்டர் வேண்டுமென்றால் முதல் சுற்றுத் தேர்வுகளையோ இளம் ஆட்டக்காரர்களையோ வைத்துத்தான் பேச வேண்டியிருக்கும். அது தனிப் பேச்சு. அதில் மெக்கானலைச் சில்லறையாகச் சேர்த்து விடாதீர்கள்.

வயதைப் பற்றி எனக்கும் பயம் உண்டு. உடம்பு முழுவதையும் கொடுத்து ஓடும் குள்ளமான கார்டுகளுக்குக் கால் வேகம் குறைந்துவிட்டால் மிச்சம் அதிகம் இருக்காது. அதனால்தான் இன்னொன்றையும் கேட்கிறேன். ஆண்ட்ரூ நெம்பார்ட் இப்போது முதன்மை பாயின்ட் கார்டு. அவருக்கு அடுத்தபடி ஆளில்லை என்று மெக்கானலை 28, 30 நிமிடம் ஓடவிடாதீர்கள். அவருக்குரிய 18 நிமிடமே போதும். மிச்சத்தை 38-ஆவது தேர்வாக வந்த கேம் ஜோன்ஸுக்குக் கொடுங்கள். பயிற்சியில் தினமும் மெக்கானலுக்கு எதிரே பந்தைத் தட்டிப் பழகுவதைவிட ஓர் இளம் கார்டுக்கு நல்ல பள்ளிக்கூடம் கிடைக்காது.

2026-27-இல் ஹாலிபர்ட்டன் திரும்புவார். அறுவை சிகிச்சை செய்த காலோடு வருபவரை முதல் நாளே 35 நிமிடம் ஆடவிட முடியாது. அந்தப் பருவத்தில் யாருக்கு மாற்று கார்டு மிக அதிகமாகத் தேவைப்படும்? உங்களுக்குத்தான். அப்போது வெளியே தேடினால், இந்தப் பிப்ரவரியில் மெக்கானலுக்குக் கிடைக்கும் விலையைவிட அதிகம் கொடுத்துத்தான் அவரைவிடக் குறைந்த ஒருவரை வாங்க முடியும்.

எனவே காலக்கெடுவுக்குக் காத்திருக்காமல், இப்போதே அவரை அழைத்து உங்கள் முடிவைச் சொல்லிவிடுங்கள். பிற அணிகளுக்கும் அது தெரியட்டும்.

அன்புடன்,
பேசர்ஸ் அணியின் தமிழ் ரசிகர்களில் ஒருவர்