பலகையில் அழிந்த பெயர்

ஆசிரியர் அவர்களுக்கு,

வேலூர் லாங் பஜார் மணிக்கூண்டின் கல்வெட்டு, முதல் உலகப் போருக்கு இங்கிருந்து 277 பேர் சென்றதையும் அவர்களில் 14 பேர் உயிர்நீத்ததையும் சொல்கிறது, பெயர்கள் இல்லை. 1971 போரில் இறந்த எங்கள் பள்ளித்தோழருக்கும் அந்நிலை வந்துவிட்டது.

இரவல் வாங்கிய ஸ்பைக் ஷூ பெரிதாக இருந்ததால், முனையில் செய்தித்தாளைத் திணித்துக்கொண்டு வட ஆற்காடு மாவட்டப் போட்டியில் 1500 மீட்டர் ஓடியவர் அவர். கடைசிச் சுற்று வரை மூன்றாவதாகவே வந்து, மணி அடித்ததும் இருவரையும் முந்தினார். (உடற்பயிற்சி ஆசிரியர் அன்றும் பாராட்டவில்லை; அவர் சுபாவம் அப்படி.) பள்ளிப்படிப்பு முடிந்ததும் மதராஸ் ரெஜிமெண்டில் சேர்ந்து, வெலிங்டனில் பயிற்சி பெற்று, அந்த டிசம்பரில் மேற்கு எல்லையில் வீழ்ந்தார்.

பள்ளியின் விளையாட்டு வீரர் பலகையிலிருந்த அவர் பெயர், அண்மையில் வர்ணம் பூசியபோது அழிந்துவிட்டது. அதை மீண்டும் எழுதி, 'போரில் வீரமரணம், 1971' என்றும் சேர்க்க வேண்டும். பெயின்டரின் அரைநாள் கூலியை முன்னாள் மாணவர்களாகிய நாங்களே தருகிறோம். பள்ளி நிர்வாகம் அனுமதித்தால் போதும்.

இப்படிக்கு,
முன்னாள் மாணவர் ஒருவர்,
வேலூர்.