ஆசினாராவின் வெள்ளைக் கழுதைகள்

ஆசிரியருக்கு,

அழிந்துவரும் விலங்குகள் என்றாலே புலி, பனிச்சிறுத்தை என்றுதான் எழுதுகிறோம். அந்த வரிசையில் கழுதையும் உண்டு என்றால் சிரிப்பவர்களே அதிகம்.

இத்தாலியின் சார்டினியாவுக்கு வடமேற்கே ஆசினாரா என்றொரு சிறு தீவு இருக்கிறது. அங்கே வெள்ளைக் கழுதைகள் வாழ்கின்றன. வளர்ந்த கழுதையே ஏறத்தாழ ஒரு மீட்டர் உயரம்தான். உடலில் நிறமி உண்டாவதைத் தடுக்கும் மரபணு மாற்றத்தால் வந்த வெள்ளை இது. தோல் இளஞ்சிவப்பு, கண் வெளிர்நீலம். வெயிலில் கண் கூசும் என்பதால் நிழல் தேடி ஒதுங்கிவிடும், பாவம். தாய், தந்தை இரண்டிடமிருந்தும் அந்த மரபணு வந்தால்தான் குட்டி வெள்ளையாகப் பிறக்கும். தீவில் மேயும் சாம்பல் நிறக் கழுதைகளோடு கலந்தால் வெள்ளை குறையும். கலக்காமல் பிரித்து வைத்தால் சிறு மந்தைக்குள்ளேயே இனப்பெருக்கம் நடந்து வாரிசுகள் நலியும். பராமரிப்பவர்களுக்குத் தலைவலிதான்.

1885இல் அரசு இந்தத் தீவைக் கைதிகள் குடியிருப்பாகவும் தொற்றுநோய் பரவாமல் ஆட்களைத் தனிமைப்படுத்தும் முகாமாகவும் மாற்றியது. அங்கிருந்த குடும்பங்கள் வெளியேறி எதிர்க்கரையில் ஸ்டின்டினோ என்ற ஊரை உருவாக்கின. சிறை 1990களின் கடைசியில் மூடப்பட்டு, இன்று தீவு தேசியப் பூங்கா. (இத்தாலிய மொழியில் கழுதைக்கு ‘ஆசினோ’ என்று பெயர். ஆனால் தீவின் பெயர் அதிலிருந்து வரவில்லை என்கிறார்கள்!)

காட்டு விலங்குகளுக்கு ஒதுக்கும் பக்கத்தில் இதுபோன்ற வீட்டு விலங்கினங்களுக்கும் அவ்வப்போது கொஞ்சம் இடம் கொடுங்கள்.

– ஒரு வாசகர்