ஈசாஃபியொர்தூர் ஒருநாள் சுற்றுலா: நடக்காத பயணத்துக்கு வாங்கிய பணத்தைத் திருப்பித் தரக் கோரும் புகார்

வாடிக்கையாளர் சேவைப் பிரிவு மேலாளர் அவர்களுக்கு,

வணக்கம். ஆகஸ்ட் கடைசி வாரத்தில் உங்கள் நிறுவனம் அழைத்துச் சென்ற ஐஸ்லாந்து சொகுசுக் கப்பல் பயணத்தில் நானும் என் மனைவியும் என் அக்காவும் வந்திருந்தோம். கப்பலைப் பற்றி எனக்கு ஒரு குறையும் இல்லை. என் புகார் ஈசாஃபியொர்தூரில் கரையிறங்கிய அந்த ஒரு நாளைப் பற்றியது. அந்த ஊரைச் சுற்றிக் காட்டுவதற்கென்று தனியாகத் தலைக்கு ₹31,500 வாங்கினீர்கள். மூன்று பேருக்கு ₹94,500. அதில் விகுர் தீவுக்கு ₹17,500, தின்யாந்தி அருவிக்கு ₹14,000 என்று உங்கள் ரசீதிலேயே பிரித்துப் போட்டிருக்கிறீர்கள். தீவையும் நாங்கள் பார்க்கவில்லை, அருவியையும் பார்க்கவில்லை.

இதைப் பற்றி ஏற்கெனவே ஒரு மின்னஞ்சல் அனுப்பினேன். "இயற்கைச் சூழல் காரணமாக நிகழ்ச்சி நிரல் மாற்றப்பட்டது, விதிமுறைகளின்படி பணம் திருப்பித் தர இயலாது" என்று இரண்டு வரியில் பதில் வந்தது. அந்த இரண்டு வரிதான் என்னை இவ்வளவு நீளமாக எழுத வைத்திருக்கிறது.

அன்றைக்கு இயற்கை எந்தத் தப்பும் செய்யவில்லை. காற்று இல்லை, மழை இல்லை. ஃபியோர்டின் (மலைகளுக்கு நடுவே உள்ளே நீளும் கடல்) இரு பக்கமும் உச்சி தட்டையான மலைகள் தெளிவாகத் தெரிந்தன. தண்ணீர் அசையாமல் கிடந்தது. நேரத்தோடு எடுத்த படங்கள் என்னிடம் இருக்கின்றன. அதே கப்பலில் வந்த மற்றவர்கள், கப்பல் நிறுவனத்திடமே சுற்றுலா வாங்கியவர்கள், அதே நாளில் தின்யாந்திக்குப் போய்விட்டு வந்து இரவு உணவின்போது எங்களிடம் படம் காட்டினார்கள். அவர்களுக்கு வழிவிட்ட இயற்கை எங்களை மட்டும் மறித்ததா?

நடந்தது இதுதான். அன்று துறைமேடையில் வேறொரு கப்பல் நின்றது. எங்கள் கப்பல் ஃபியோர்டுக்குள் நங்கூரம் போட்டு, பயணிகளை டெண்டர் எனப்படும் சிறு படகுகளில் கரைக்கு அனுப்பியது. இது திடீரென்று எடுத்த முடிவு அல்ல. கப்பல் நிறுவனம் வெளியிட்ட பயணத் திட்டத்திலேயே இந்த ஊருக்கு நேராக 'டெண்டர்' என்று போட்டிருந்தது. நீங்கள் எங்களுக்கு அனுப்பிய நகலிலும் அது இருக்கிறது. வேண்டுமானால் எடுத்துப் பாருங்கள்.

டெண்டர் என்றால் என்ன நடக்கும் என்பது கப்பல் பயணம் விற்பவர்களுக்குத் தெரியாமல் இருக்க முடியாது. கப்பல் தானே விற்ற சுற்றுலாவுக்கு வந்தவர்களைத்தான் முதலில் இறக்குவார்கள். வெளியே பதிவு செய்தவர்கள் எண் வாங்கிக்கொண்டு காத்திருக்க வேண்டும். நாங்கள் காலை ஏழே முக்காலுக்கே கப்பலின் நாடக அரங்கில் போய் உட்கார்ந்துவிட்டோம். சட்டையில் ஒட்டிக்கொள்ள ஆளுக்கு ஒரு வட்ட ஸ்டிக்கர் கொடுத்தார்கள். ஒலிபெருக்கியில் ஒவ்வொரு சுற்றுலாவாகக் கூப்பிட்டார்கள். ஒவ்வொரு வரிசையாக எழுந்து போனது. எங்கள் எண் வந்து, படகில் ஏறி, கரையில் கால் வைத்தபோது மணி பத்தேகால். உங்கள் திட்டத்தில் விகுர் படகு எட்டரைக்கு. அந்தப் படகில் வேறு ஆட்களும் பதிவு செய்திருந்தார்கள். எங்களுக்காகக் கொஞ்ச நேரம் பார்த்திருந்துவிட்டு அவர்களை ஏற்றிக்கொண்டு போய்விட்டது. படகுக்காரரைக் குறை சொல்ல முடியாது.

"கப்பலில் வாங்குவதைவிட மலிவு, அதே அனுபவம்" என்றுதான் உங்கள் அலுவலகத்தில் சொன்னீர்கள். மலிவு என்பது சரி. அதே அனுபவம் இல்லை என்பதற்கான காரணத்தை யாருமே வாயைத் திறந்து சொல்லவில்லை. இன்னொன்றையும் சொல்லவில்லை: தன்னிடம் வாங்கிய சுற்றுலா தாமதமானால் கப்பல் காத்திருக்கும், வெளியே வாங்கியவர்களுக்காகக் காத்திருக்காது.

அடுத்து அருவி. தின்யாந்திக்குப் போக ஊரிலிருந்து ஏறக்குறைய ஒரு மணி நேரம் ஆகும். மலையைக் குடைந்த சுரங்கப்பாதைகள் வழியாகப் போக வேண்டும். 1996-இல் திறந்த முதல் சுரங்கத்துக்குள்ளேயே சாலை பிரிகிறது. அருவிப் பக்கம் போகும் கிளையில் ஒரு வண்டி போகத்தான் இடம். எதிரே வண்டி வந்தால் ஒதுங்கி நிற்க அங்கங்கே இடம் விட்டிருக்கிறார்கள். கப்பல் வந்த நாளில் பேருந்துகள் வரிசையாகப் போகும்போது இதில் எவ்வளவு நேரம் போகும் என்று யாராலும் உறுதியாகச் சொல்ல முடியாது. அதற்கப்புறம் 2020-இல் திறந்த தீராஃபியொர்தூர் சுரங்கம். இறங்கியதும் அருவியின் அடிவரை மேலே ஏறி நடக்க வேண்டும். முட்டிவலியோடு வந்த என் அக்கா மாதிரி ஆட்களுக்கு அதற்கே அரை மணி நேரம் வேண்டும்.

உங்கள் திட்டத்தில் அருவிக்குப் புறப்பாடு 1.30, துறைமுகம் திரும்புவது 4.30. கப்பல் கிளம்புவது ஐந்து மணிக்கு என்பதை மட்டும் பார்த்து யாரோ சென்னையில் உட்கார்ந்து போட்ட கணக்கு. கடைசி டெண்டர் படகு நான்கு மணிக்கு. முதல் நாள் இரவே ஒவ்வொரு அறைக்கும் வந்த கப்பலின் தினசரித் தாளில் அது தடித்த எழுத்தில் இருந்தது. ஒன்றரைக்கு வந்த பேருந்தின் ஓட்டுநர் தாளைப் பார்த்துவிட்டுத் தலையை ஆட்டினார். "முடியாது" என்று சொல்ல அவருக்கு ஒரு நிமிடம்கூட ஆகவில்லை. காலையிலேயே அருவிக்குக் கிளம்பியிருந்தால் போய் வந்திருக்கலாம். ஆனால் பேருந்தை மதியத்துக்கு மட்டும்தான் பேசியிருந்தீர்கள். ஏறக்குறைய 2,700 பேர் வாழும் ஊர் அது. அன்றைக்குக் கரையில் நின்ற கப்பலும் எங்கள் கப்பலும் சேர்ந்து ஊர் ஜனத்தொகையைவிட அதிகம் பேரை இறக்கியிருந்தன. அப்படிப்பட்ட நாளில் நினைத்த நேரத்தில் இன்னொரு பேருந்து எங்கே கிடைக்கும்?

கூட வந்த உங்கள் பயண மேலாளர் தம்பியைப் பற்றி நான் புகார் சொல்லவில்லை. காலையிலிருந்து அவர் ஓடிக்கொண்டேதான் இருந்தார். சென்னைக்குப் போன் போட்டுப் போட்டு, யாரும் எடுக்காமல், முகம் வாடி நின்றார். மதிய உணவுக்கு 'இந்திய சைவ உணவு' என்று எழுதியிருந்ததற்கு நான்கு தெப்லாவும் (குஜராத்திச் சப்பாத்தி) ஒரு ஊறுகாய்ப் பொட்டலமும் வந்தன. பசிக்கு அதுவும் சரிதான், விடுங்கள்.

உண்மையில் எங்களைக் காப்பாற்றியது உள்ளூர் வழிகாட்டிப் பெண். காலையில் துறைமுகத்துக்குப் பக்கத்திலேயே இருக்கும் 18-ஆம் நூற்றாண்டு மரவீடுகளுக்கு அழைத்துப் போனார். பழைய வணிகர்கள் கட்டியவை. அதில் ஒன்றில் அருங்காட்சியகம் இருக்கிறது. மதியம், வந்த பேருந்தை அப்படியே பக்கத்து ஊரான போலுங்கார்விக்குக்குத் திருப்பினார். கால் மணி நேரப் பயணம். அங்கே ஓஸ்வோர் என்ற இடத்தில், துடுப்புப் படகில் மீன் பிடித்த காலத்துக் குடிசைகளைக் கல்லும் புல்மண் கட்டியுமாகத் திரும்பக் கட்டி வைத்திருக்கிறார்கள். நன்றாகவே இருந்தது. ஆனால் அது நாங்கள் பணம் கட்டிய இடம் அல்ல. "மாற்று இடம் காட்டப்பட்டது" என்று இதைக் கணக்கில் எழுதி முடித்துவிட வேண்டாம். அங்கே ஆன நுழைவுக் கட்டணத்தை ரசீது காட்டிக் கழித்துக்கொள்ளுங்கள். எனக்கு ஆட்சேபணை இல்லை.

அந்தப் பெண் பேச்சுவாக்கில் சொன்ன ஒரு விஷயம்தான் எனக்கு நெஞ்சு கொதித்ததற்குக் காரணம். இது டெண்டர் துறைமுகம், பத்தரைக்கு முன்னால் எதுவும் வைக்காதீர்கள் என்று அவருடைய அலுவலகத்திலிருந்து ஜூன் மாதமே உங்களுக்கு மின்னஞ்சல் அனுப்பியிருக்கிறார்கள். கைபேசியில் எடுத்துக் காட்டினார். அதே மின்னஞ்சலில் பஃபின் என்ற கடற்பறவையைப் பற்றி இரண்டாவதாக ஒரு வரி: "ஆகஸ்ட் கடைசியில் பஃபின்கள் இருக்காது, உங்கள் வாடிக்கையாளர்களிடம் சொல்லிவிடுங்கள்."

உங்கள் விளம்பரத் தாளின் முகப்பில் என்ன இருக்கிறது? ஆரஞ்சு அலகோடு ஒரு பஃபின். உள்ளே, "விகுர் தீவில் ஆயிரக்கணக்கான பஃபின்களை மிக அருகில் கண்டு மகிழுங்கள்." உலகத்து அட்லாண்டிக் பஃபின்களில் பாதிக்கு மேல் ஐஸ்லாந்தில்தான் குஞ்சு பொரிக்கின்றன என்பது உண்மை. ஆனால் அவை கரைக்கு வருவதே அதற்காகத்தான். வசந்தத்தில் வந்து, மண்ணில் வளை தோண்டி முட்டையிட்டு, குஞ்சு வளர்ந்ததும் ஆகஸ்ட் நடுவிலேயே கிளம்ப ஆரம்பித்துவிடும். குளிர்காலம் முழுக்க நடுக்கடலில்தான் வாசம். அந்தப் பளபளக்கும் அலகு உறைகூட இனப்பெருக்கக் காலம் முடிந்ததும் உதிர்ந்துவிடும். ஆக, எட்டரைக்குப் படகைப் பிடித்திருந்தாலும் நீங்கள் படம் போட்டு விற்றது அங்கே எங்களுக்குக் கிடைத்திருக்காது. தீவில் 1840-இல் கட்டிய காற்றாலை இருக்கிறது, ஈடர் வாத்தின் மென்தூவி எடுக்கும் பண்ணை இருக்கிறது. அவற்றைச் சொல்லி விற்றிருந்தால் நான் அதற்கே சந்தோஷமாக வந்திருப்பேன். என் மனைவி பஃபின் பார்க்க வேண்டும் என்றுதான் இந்தக் கூடுதல் பணத்தைக் கட்டினோம். பதிவு செய்யும்போது உங்கள் ஊழியரிடம் அவள் நேரடியாகவே கேட்டாள். "கண்டிப்பா பார்க்கலாம் மேடம்" என்றார்.

எனவே நான் கேட்பது: ₹94,500-இல் மேலே சொன்ன நுழைவுக் கட்டணம் போக மீதியைக் கட்டிய கணக்குக்கே திருப்பி அனுப்புங்கள். அடுத்த ஆண்டுப் பயணத்தில் தள்ளுபடிக் கூப்பன் தருகிறோம் என்று தொலைபேசியில் ஒருவர் சொன்னார்; அது வேண்டாம். ஜூன் மாத மின்னஞ்சலுக்கு உங்கள் அலுவலகத்தில் யார் என்ன பதில் எழுதினார்கள் என்று எழுத்தில் தெரிவியுங்கள். ஆகஸ்ட் நடுவுக்குப் பிந்தைய பயணங்களின் விளம்பரத்திலிருந்து அந்தப் பறவைப் படத்தையும் வாசகத்தையும் எடுத்துவிடுங்கள். இன்று காலைகூட உங்கள் இணையதளத்தில் அது அப்படியே இருந்தது. தேதியோடு திரைப்பிடிப்பு எடுத்து வைத்திருக்கிறேன்.

கடிதம் கிடைத்த 15 நாளுக்குள் பணம் வரவில்லை என்றால், நுகர்வோர் பாதுகாப்புச் சட்டம் 2019-இன் கீழ், சேவைக் குறைபாடு, தவறான விளம்பரம் இரண்டையும் சொல்லி மாவட்ட நுகர்வோர் குறைதீர் ஆணையத்தில் மனுப் போடுவேன். உங்கள் அலுவலகம் சென்னையில் இருக்கிறது என்பதற்காக நான் அங்கே அலைய வேண்டியதில்லை. நான் குடியிருக்கும் மதுரையிலேயே மனு கொடுக்கச் சட்டம் இடம் தருகிறது. இந்தத் தொகைக்கு மனுக் கட்டணமும் கிடையாது. குழுவில் வந்த வேறு சிலரும் என்னோடு சேரத் தயாராக இருக்கிறார்கள்.

ரசீது, உங்கள் திட்டத் தாள், கப்பலின் தினசரித் தாள், விளம்பரத் தாள், அன்றைய படங்கள் ஆகியவற்றின் நகல்களை இணைத்திருக்கிறேன். பதிலை எழுத்தில் மட்டும் அனுப்பவும். தொலைபேசியில் இனிப் பேச விருப்பமில்லை.

இப்படிக்கு,
உங்கள் வாடிக்கையாளர்,
மதுரை